கம்யூனிட்டி காலேஜ்னு தயங்காம சொல்லுங்க: கலிஃபோர்னியா தமிழ் அப்பா அம்மாக்களுக்கு ஒரு திறந்த மடல்

அங்கிள், ஆன்ட்டி, எல்லாருக்கும் வணக்கம்.

ஃப்ரீமான்ட், மில்பிடாஸ், சான் ரமோன், ஃபோல்சம், இர்வைன்னு கலிஃபோர்னியா முழுக்க பரவி இருக்கற நம்ம தமிழ்க் குடும்பங்களுக்குத்தான் இத எழுதறேன். நான் பத்தாவது வரைக்கும் திருச்சில படிச்சுட்டு அப்பா அம்மாவோட இங்க வந்தவ. ஹைஸ்கூல் இங்க முடிச்சேன். இப்ப ஒரு கம்யூனிட்டி காலேஜ்ல, அதாவது யார் வேணா சேரக்கூடிய ரெண்டு வருஷ கவர்ன்மென்ட் காலேஜ்ல, ஜர்னலிசம் மேஜர், கூடவே லத்தீன், கூடவே லா ஸ்கூலுக்கு முன்னாடி எடுக்கற ப்ரீ-லா கிளாஸுங்க. இந்த மூணுல எத சொன்னாலும் நம்ம வீட்டு விசேஷங்கள்ல கேட்டவங்க முகம் ஒரு மாதிரி ஆயிடும், அதுக்கு மேல கம்யூனிட்டி காலேஜ்னு சொன்னா அந்தப் பேச்சே அங்க நின்னுடும். எனக்கு அது பழகிப்போச்சு. எனக்குப் பின்னாடி வர்ற பிள்ளைங்களுக்கு அது பழகக்கூடாதுன்னுதான் உக்காந்து எழுதறேன்.

ஏப்ரல் வந்தா நம்ம வாட்ஸப் குரூப்ல லிஸ்ட் ஓடும். பெர்க்லி, யூசிஎல்ஏ, பர்டூ, ஜார்ஜியா டெக். அதுக்கு கீழ வாழ்த்து மேல வாழ்த்து. அந்த லிஸ்ட்ல கம்யூனிட்டி காலேஜ் போற ஒரு பிள்ளையோட பேரு கூட நான் பாத்ததில்ல. போறவங்க இல்லாம இல்ல, என் கிளாஸ்லயே இருக்காங்க, கேன்டீன்ல தமிழ்ல பேசிக்கறோம். ஆனா அவங்க வீட்ல கேட்டா "இன்னும் முடிவு பண்ணல", "ஒரு வருஷம் கேப் எடுக்கறான்", இப்படித்தான் பதில் வருது. என் கூட படிக்கற ஒரு பையன் சொன்னான், அவங்க அம்மா கோயம்புத்தூர்ல இருக்கற தாத்தா கிட்ட அவன் யூசில, அதாவது யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியால, சேர்ந்துட்டதா சொல்லிட்டாங்களாம், இப்ப தாத்தா வீடியோ கால்ல வந்து எங்கடா உன் ஹாஸ்டல காட்டுன்னு கேட்கறப்பல்லாம் அவன் போன வச்சுடறான். அவன் கிளாஸ்ல ரொம்ப நல்லா படிக்கற பையன். அவனுக்கு மார்க்குனால கஷ்டம் இல்ல, வீட்ல அவன மறைக்கறதுதான் கஷ்டம். இத நீங்க வேணும்னு பண்ணலன்னு தெரியும், ஊர்ல நாலு பேர் என்ன சொல்வாங்களோங்கற பயம்தான், ஆனா அந்தப் பயத்தோட பாரத்த தூக்கறது உங்க பிள்ளை.

முதல்ல காசு விஷயத்த பேசிடறேன், நம்ம வீட்ல அதுக்குத்தான் எல்லாரும் காது குடுப்பாங்க. கலிஃபோர்னியாவுல 116 கம்யூனிட்டி காலேஜ் இருக்கு. இந்த மாநில ரெசிடென்ட்டுக்கு ஒரு யூனிட் (கிளாஸுங்கள அளக்கற கணக்கு) 46 டாலர், 2012-ல இருந்து இதே விலைதான். டிரான்ஸ்ஃபர் ஆக, அதாவது மூணாவது வருஷத்துக்கு யூனிவர்சிட்டிக்கு மாற, 60 யூனிட் வேணும்னா 2,760 டாலர், அதுக்கு மேல புக்ஸ், ஹெல்த் ஃபீ, பார்க்கிங்னு கொஞ்சம். யூசில ஒரு வருஷ டியூஷன் மட்டுமே 14,000 டாலருக்கு மேல போகுது, ரூமும் சாப்பாடும் சேர்த்தா அதுக்கு மேல இன்னொரு பெரிய தொகை. எச்-4-ல, அதாவது எச்-1பி விசால வேலை பாக்கறவங்க குடும்பத்துக்கான விசால, இருக்கற பிள்ளைங்களும் இங்க ஒரு வருஷத்துக்கு மேல இருந்து அதுக்கான பேப்பர காட்டினா இந்த ரெசிடென்ட் ஃபீஸ்லயே படிக்கலாம், இது நிறைய பேருக்கு தெரியாமலே வெளி மாநிலத்துக்காரங்க ஃபீஸ்தான் கட்டணும்னு நினைச்சுட்டு இருக்காங்க. முதல் தடவ காலேஜ் சேர்ந்து ஃபுல் டைம் படிக்கறவங்களுக்கு பல காலேஜ்ல ரெண்டு வருஷம் ஃபீஸே கிடையாது. கடைசில யூசில பட்டம் வாங்கறப்ப அந்த சர்டிஃபிகேட்ல எங்க ஆரம்பிச்சீங்கன்னு எழுதி இருக்காது, நாலு வருஷமும் அங்கயே படிச்சவங்களுக்கு குடுக்கற அதே சர்டிஃபிகேட்தான்.

இது ஏதோ சீட் கிடைக்காதவங்களுக்குன்னு கடைசில சேர்த்த ஏற்பாடும் இல்ல. 1960-ல இந்த மாநிலம் ஒரு மாஸ்டர் பிளான் போட்டுச்சு, ஹைஸ்கூல்ல மேல இருக்கற எட்டுல ஒரு பங்கு யூசிக்கு, மூணுல ஒரு பங்கு கால் ஸ்டேட்டுக்கு (கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி), கம்யூனிட்டி காலேஜ் கதவு எல்லாருக்கும், அங்க நல்லா படிச்சா மூணாவது வருஷம் யூசிக்குள்ள வரலாம்னு. இன்னிக்கும் யூசிக்கு டிரான்ஸ்ஃபர்ல வர்றவங்கள்ல பெரும்பகுதி கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ் பசங்கதான். அந்த வழி ஆரம்பத்துலயே திட்டம் போட்டு கட்டினது.

சரி, காசுக்காக காலேஜ ஒத்துக்கறவங்க கூட அடுத்து ஒரு கேள்வி கேட்பாங்க. போறதுதான் போற, கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்க வேண்டியதுதானே, ஜர்னலிசம் எதுக்கு, செத்த மொழி எதுக்கு, லாயர் ஆகணும்னா நேரா சட்டம் படின்னு. இந்தியாவுல ப்ளஸ் டூ முடிச்ச உடனே அஞ்சு வருஷ சட்டப் படிப்புல சேரலாம், அத மனசுல வச்சுக்கிட்டு கேட்கறாங்க. இங்க அப்படி கிடையாது. முதல்ல நாலு வருஷ டிகிரி, அப்புறம்தான் மூணு வருஷ லா ஸ்கூல். அந்த முதல் டிகிரி எதுல வேணா இருக்கலாம், இந்த சப்ஜெக்ட்தான் படிக்கணும்னு வக்கீலுங்க சங்கமான அமெரிக்கன் பார் அசோசியேஷன் எதையும் சொல்லல. லா ஸ்கூலுக்கான எல்சாட் பரீட்சைல லாஜிக் கேம்ஸ்னு ஒரு பகுதி இருந்துச்சு, 2024 ஆகஸ்ட்டோட அத எடுத்துட்டாங்க. இப்ப மீதி இருக்கறது ரெண்டே ரெண்டு திறமை, ஒண்ணு வாதத்துல ஓட்டை எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கறது, இன்னொண்ணு கஷ்டமான பத்திய நிதானமா படிச்சு அதுல இருக்கறத மட்டும் எடுத்துக்கறது. நான் படிக்கற மூணு சப்ஜெக்ட்டும் தினமும் பழக்கறது இதத்தான்.

எங்க ஸ்டூடண்ட் நியூஸ்பேப்பர் ரூம் எப்படி இருக்கும்னு சொல்றேன். பழைய மேசை, நாலஞ்சு கம்ப்யூட்டர், சுவர்ல முந்தின இஷ்யூக்கள ஒட்டி வச்சிருக்கோம். நீங்க ஒரு ஸ்டோரி எழுதிட்டு போனா அட்வைசர் பேனாவ எடுத்து ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல ஒரே கேள்விய எழுதுவார், இது உனக்கு எப்படி தெரியும்? "மாணவர்கள் கோபமா இருக்காங்க"ன்னு எழுதினா, எத்தன பேர் கிட்ட பேசின, பேரு சொன்னாங்களா, அந்த டீன் கிட்ட கேட்டியா, அவர் பதில் சொல்லலன்னா எத்தன தடவ கேட்டன்னு எழுதினியா. பார்க்கிங் பெர்மிட் விலை ஏறின ஒரு சின்ன நியூஸ்க்கு நாங்க போர்டு அஜெண்டாவ தேடி எடுத்து, பட்ஜெட் பக்கத்த பிரிச்சு, வெண்டர் கான்ட்ராக்ட்ட பப்ளிக் ரெக்கார்ட்ஸ் சட்டத்துல கேட்டு வாங்கினோம். இந்த சட்டம் 1968-ல வந்தது, கேட்டா பத்து நாளுக்குள்ள குடுக்க முடியுமா முடியாதான்னு அவங்க பதில் சொல்லியாகணும், நீங்க யாரு, எதுக்கு கேட்கறீங்கன்னு காரணம் சொல்ல வேண்டிய அவசியம் இல்ல. 18 வயசு பையன் ஒரு ஈமெயில் அனுப்பி அரசாங்க ஃபைல வாங்கறான், அத பாக்கறப்ப எனக்கு எவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா.

இந்த சட்டங்க எங்க இருந்து வந்துச்சுன்னு பாத்தா அங்கயும் ஒரு ரிப்போர்ட்டர் நிக்கறார். 1952-ல சான் ஃபிரான்சிஸ்கோ கிரானிக்கிள்ல மைக்கேல் ஹாரிஸ்ங்கறவர் ஊராட்சி கவுன்சிலுங்க எப்படி கதவ சாத்திக்கிட்டு ரகசியமா முடிவெடுக்கறாங்கன்னு ஒரு தொடர் எழுதினார், அதுக்கு அடுத்த வருஷமே இந்த மாதிரி மீட்டிங்க பொதுமக்கள் முன்னாடிதான் நடத்தணும்னு மொடெஸ்டோ அசெம்ப்ளி மெம்பர் ரால்ஃப் பிரவுன் கொண்டுவந்த சட்டம் பாஸ் ஆச்சு, இன்னிக்கும் அதுக்கு பிரவுன் ஆக்ட்னுதான் பேரு. 2010-ல லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துல பெல்ங்கற சின்ன ஊர்ல, உழைக்கற ஜனங்க, பெரும்பாலும் லத்தீனோ குடும்பங்க, ஊர் நிர்வாகத்த நடத்தற அதிகாரியான சிட்டி மேனேஜர் வருஷத்துக்கு கிட்டத்தட்ட 8 லட்சம் டாலர் சம்பளம் எடுத்துட்டு இருந்தார். லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் ரிப்போர்ட்டர்ஸ் ரெண்டு பேர், ஜெஃப் காட்லீப், ரூபன் விவெஸ், ரெக்கார்ட்ஸ் கேட்டு வாங்கி அத எழுதினாங்க. ஊரே திரண்டு சிட்டி ஹாலுக்கு வந்துச்சு, அந்த மேனேஜர் ஜெயிலுக்கு போனார், பேப்பருக்கு 2011-ல பத்திரிகைக்கான புலிட்சர் விருது கிடைச்சுது. ரூபன் விவெஸ் குவாத்தமாலால பிறந்து சின்ன வயசுல இங்க வந்தவர். யாராவது போய் கேட்கற வரைக்கும் பெல் மக்களுக்கு தங்களோட வரிப்பணம் எங்க போகுதுன்னு தெரியாது. நம்ம ஊர் ஸ்கூல் போர்டுல, சிட்டி கவுன்சில்ல என்ன நடக்குதுன்னு நம்மள்ல எத்தன பேருக்கு தெரியும்? வீட்டு விலை, ஸ்கூல் ரேட்டிங் எல்லாம் விரல் நுனில வச்சிருக்கோம், ஆனா அத முடிவு பண்ற ரூம்ல நம்மாளு ஒருத்தர் கூட உக்காந்து நோட்ஸ் எடுக்கறதில்ல. உங்க பிள்ளை எடுக்கறேன்னு சொன்னா விடுங்களேன்.

ப்ரீ-லா கிளாஸ்ல படிச்ச ஒரு கேஸ நான் கட்டாயம் உங்களுக்கு சொல்லணும், ஏன்னா அது நம்ம கதை. பகத் சிங் திந்த்ங்கறவர் பஞ்சாப்ல இருந்து 1913-ல வந்தவர், பெர்க்லில படிச்சவர், முதல் உலகப் போர்ல அமெரிக்க ராணுவத்துல இருந்தவர். அப்ப இருந்த சட்டப்படி "சுதந்திரமான வெள்ளையர்"களும் ஆப்பிரிக்க வம்சாவளிக்காரங்களும்தான் குடியுரிமை வாங்க முடியும். 1922 நவம்பர்ல ஜப்பான்ல இருந்து வந்த ஒஸாவாங்கறவர் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் என்ன சொல்லுச்சுன்னா, வெள்ளையர்னா தோல் நிறம் இல்ல, காக்கேசிய இனத்தவர்னு அர்த்தம், நீ அதுல வரமாட்டன்னு. சரின்னு திந்த் தரப்பு, அன்னிக்கு இருந்த மானிடவியல் புத்தகங்கள காட்டி, அதுல இந்தியர்கள் காக்கேசியர்னு போட்டிருக்கே, அப்ப நான் வருவேனேன்னு கேட்டுச்சு. மூணு மாசம் கழிச்சு 1923 பிப்ரவரில அதே ஜட்ஜ், ஜார்ஜ் சதர்லேண்ட், எழுதினார், விஞ்ஞானம் என்ன சொன்னா என்ன, சாதாரண மனுஷன் வெள்ளையர்னு யார நினைக்கறானோ அவங்கதான் வெள்ளையர்னு. ஒரே கோர்ட், ஒரே ஜட்ஜ், நடுவுல மூணே மாசம், அளவுகோலே மாறிடுச்சு. இந்த ரெண்டு தீர்ப்பையும் பக்கத்துல பக்கத்துல வச்சு வரி வரியா படிக்கச் சொன்னாங்க எங்க ப்ரொஃபசர், அவங்க பகல்ல கோர்ட்ல வாதாடற வக்கீல், சாயங்காலம் எங்களுக்கு கிளாஸ் எடுக்கறவங்க. அந்த கிளாஸ் முடிஞ்சு நான் கார்ல ரொம்ப நேரம் ஸ்டார்ட் பண்ணாம உக்காந்திருந்தேன்.

அந்தத் தீர்ப்புக்கு அப்புறம் ஏற்கனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்கள் கிட்ட இருந்தும் அத திருப்பி எடுக்க ஆரம்பிச்சாங்க. கலிஃபோர்னியாவுல கடை வச்சு நடத்தின வைஷ்ணோ தாஸ் பாகாய்ங்கறவர் குடியுரிமைய இழந்து, 1928-ல சான் ஹோசேல தன் உயிர தானே மாய்ச்சுக்கிட்டார், அவர் எழுதி வச்ச கடிதம் சான் ஃபிரான்சிஸ்கோ எக்ஸாமினர் பேப்பர்ல வந்துச்சு. நாம இன்னிக்கு தோசை சாப்பிடற அதே சான் ஹோசே. இதுக்கு நடுவுல ஒரு இந்திய வக்கீல் இருந்தார், சக்காராம் கணேஷ் பண்டிட், லாஸ் ஏஞ்சலஸ்ல பிராக்டிஸ். திந்த் கேஸ நடத்தினவர், 1914-லயே குடியுரிமை வாங்கினவர், இப்ப அவர் குடியுரிமையவே எடுக்க வந்தாங்க. அவர் விடல. எனக்கு குடியுரிமை குடுத்தப்பவே இந்தக் கேள்விய கோர்ட்ல விசாரிச்சு தீர்ப்பு சொல்லியாச்சு, கவர்ன்மென்ட் அப்ப அப்பீல் போகல, முடிஞ்ச விஷயத்த இப்ப மறுபடி தோண்ட முடியாதுன்னு வாதாடினார். 1926-ல சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு படி கீழ இருக்கற ஒன்பதாவது சர்க்கியூட் அப்பீல் கோர்ட்ல ஜெயிச்சார், அடுத்த வருஷம் சுப்ரீம் கோர்ட் அந்த அப்பீல எடுத்துக்கவே மறுத்துடுச்சு, அதோட மத்த இந்தியர்கள் மேல இருந்த இந்த மாதிரி கேஸுங்களையும் கவர்ன்மென்ட் கைவிட்டுச்சு. இந்தியர்கள் சட்டப்படி குடியுரிமை வாங்கலாம்னு ஆனது 1946-ல. நாம இன்னிக்கு கைய உயர்த்தி குடியுரிமை உறுதிமொழி எடுக்கறோம்னா அதுக்குப் பின்னாடி இப்படி சட்டத்த படிச்சு எதிர்த்து நின்ன மனுஷங்க இருக்காங்க. லாயர் வேலை எதுக்குன்னு என் கிட்ட கேட்கறவங்களுக்கு நான் பண்டிட் பேரத்தான் சொல்வேன்.

பண்டிட் ஜெயிச்ச அந்த வாதத்துக்கு சட்டத்துல பேரு ரெஸ் ஜூடிகாட்டா, தீர்ப்பாகி முடிஞ்ச விஷயம்னு அர்த்தம். லத்தீன். அதுக்காக சட்டத்துல வர்ற லத்தீன் வார்த்தைகள மனப்பாடம் பண்ணத்தான் நான் லத்தீன் கிளாஸ் போறேன்னு நினைச்சுடாதீங்க, அதுக்கு ரெண்டு பக்க லிஸ்ட் போதும். லத்தீன் எனக்கு குடுக்கறது வேற. ஒரு வாக்கியத்த பாருங்க, கானிஸ் ஹோமினெம் மோர்டெட், நாய் மனுஷன கடிக்குது. வார்த்தைய மாத்திப் போடுங்க, ஹோமினெம் கானிஸ் மோர்டெட், மனுஷன நாய் கடிக்குது, அதே அர்த்தம்தான். மனுஷன் நாய கடிக்கணும்னா கடைசி எழுத்துங்க மாறணும், ஹோமோ கானெம் மோர்டெட். என் பக்கத்துல உக்காந்திருந்த இங்கிலீஷ் மட்டும் பேசற பசங்க இத பிடிக்க ரொம்ப தடுமாறினாங்க, அவங்களுக்கு யார் முதல்ல வர்றாங்களோ அவங்கதான் கடிக்கறவங்க. எனக்கு ஒரு நிமிஷம் கூட ஆகல. நம்ம தமிழும் இப்படித்தானே, வேற்றுமை உருபுதான் யார் யார கடிச்சாங்கன்னு சொல்லும், வினை கடைசில வந்து உக்காரும். ஆறாங்கிளாஸ்ல திருச்சில தமிழ் டீச்சர் அடிச்சு அடிச்சு சொல்லிக்குடுத்த ஐ, ஆல், கு எல்லாம் கலிஃபோர்னியால லத்தீன் கிளாஸ்ல எனக்கு கை குடுத்துச்சு. வீட்ல தமிழ் பேசற பிள்ளைங்களுக்கு இங்க இருக்கற மத்தவங்களுக்கு இல்லாத ஒரு வசதி இது, தயவுசெஞ்சு அத வீணாக்காதீங்க.

இன்னொண்ணு, லத்தீன்னா பணக்காரங்க பிரைவேட் ஸ்கூல் விஷயம்னு ஒரு நினைப்பு இருக்கு. இந்த நாட்டு காலேஜ்ல ரொம்ப காலமா ஓடற லத்தீன் பாடப்புத்தகம் ஃபிரெடெரிக் வீலாக் எழுதினது, 1956-ல வந்துச்சு. ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சு ஜிஐ பில்ங்கற, சோல்ஜர்ஸுக்கு படிக்க காசு குடுத்த சட்டத்தோட உதவில நியூயார்க்ல புரூக்லின் காலேஜுக்கு படிக்க வந்த சோல்ஜர்ஸுக்காக அவர் தயார் பண்ண பாடங்கள்ல இருந்து வளர்ந்த புத்தகம் அது. வயசான, வேலைக்கு போற, குடும்பம் இருக்கற, கவர்ன்மென்ட் காலேஜ் மாணவர்களுக்குன்னே பிறந்த புத்தகம். எங்க லத்தீன் கிளாஸும் அப்படித்தான், ஒரு நர்ஸ், ஒரு ரிட்டயர்டு போஸ்ட்மேன், ரெண்டு ஹைஸ்கூல் பிள்ளைங்க, ராத்திரி வேர்ஹவுஸ்ல வேலை பாத்துட்டு வர்ற ஒரு அண்ணன், நான். அந்த அண்ணன் கண்ணு சொருகிக்கிட்டே மூணாவது டிக்ளென்ஷன (பெயர்ச்சொல்லோட வேற்றுமை வாய்ப்பாடு) ஒப்பிப்பார், ஒரு எழுத்து தப்பாது.

நல்லத மட்டும் சொல்லிட்டு போனா அது நியாயம் இல்ல, அதனால உங்க பிள்ளை இந்த வழில வர்றதா இருந்தா நீங்க தெரிஞ்சுக்க வேண்டியதையும் சொல்லிடறேன். ரெண்டு வருஷத்துல முடியணும்னா தானா முடியாது, பலருக்கு மூணு நாலு வருஷம் ஆகுது, வேலைக்கு போயிட்டே படிக்கறதுனால, வேண்டிய கிளாஸ் கிடைக்காததுனால, டிரான்ஸ்ஃபருக்கு ஒத்து வராத கிளாஸ எடுத்துடறதுனால. முதல் செமஸ்டர்லயே கவுன்சிலர பாத்து எஜுகேஷன் பிளான் போட்டுடணும், எந்த கிளாஸ் எந்த யூசிக்கு செல்லும்னு அசிஸ்ட்ங்கற மாநில வெப்சைட்ல தெளிவா இருக்கு. டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா க்ரூஸ், இந்த ஆறு யூசிலயும் டேக்னு ஒரு ஏற்பாடு இருக்கு, கேட்ட கிளாஸ கேட்ட மார்க்கோட முடிச்சா சீட் உறுதி, ஆனா எல்லா மேஜருக்கும் கிடையாது, செப்டம்பர்லயே அப்ளை பண்ணணும். பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியாகோ அந்த லிஸ்ட்ல இல்ல. ஜர்னலிசம்தான் மேஜர்னா சான் ஹோசே ஸ்டேட், ஃபுல்லர்டன், லாங் பீச் மாதிரி கால் ஸ்டேட் பக்கமும் பாருங்க.

லா ஸ்கூல் போற எண்ணம் இருந்தா இத அடிக்கோடு போட்டு வச்சுக்கோங்க. லா ஸ்கூல் அட்மிஷனுக்கு ஜிபிஏ, அதாவது சராசரி மார்க், கணக்கு போடறது எல்சாக்ங்கற அமைப்பு, முதல் டிகிரி வாங்கறதுக்கு முன்னாடி எந்தெந்த காலேஜ்ல கிரேடு வாங்கினீங்களோ எல்லாத்தையும் அவங்க சேர்ப்பாங்க. கம்யூனிட்டி காலேஜ் மார்க், சம்மர் கிளாஸ் மார்க், ஏன் ஹைஸ்கூல்ல இருக்கறப்ப டூயல் என்ரோல்மென்ட்ல எடுத்த காலேஜ் கிளாஸ் மார்க் கூட வரும். நம்ம வீடுகள்ல ஒன்பதாவது பத்தாவதுலயே டூயல் என்ரோல்மென்ட்ல அஞ்சாறு கிளாஸ அள்ளிப் போடறோம், ஃப்ரீயா கிடைக்குதேன்னு. அந்த 15 வயசு பிள்ளை தூக்கமில்லாம வாங்கற சி கிரேடு ஏழு வருஷம் கழிச்சு அவன் லா ஸ்கூல் அப்ளிகேஷன்ல வந்து நிக்கும். ரிப்பீட் பண்ணாலும் பழைய கிரேடும் கணக்குல சேர வாய்ப்பு இருக்கு. அளவா எடுக்கச் சொல்லுங்க.

ஜர்னலிசத்துல சம்பளம் டெக் கம்பெனி மாதிரி வராது, அதையும் ஒத்துக்கறேன். பல ஊர் பேப்பருங்க மூடிட்டாங்க, இருக்கறதுலயும் ஆள் குறைச்சுட்டே வர்றாங்க. அதனாலதான் நான் சட்டத்தையும் சேர்த்து பிடிச்சிருக்கேன், என்னைக்காவது ரிப்போர்ட்டர்ஸ் பக்கம் நின்னு வாதாடற லாயர் ஆகணும்னு. நியூயார்க் டைம்ஸ் மேல, அலபாமால மான்ட்கமரி ஊர்ல போலீஸ மேற்பார்வை பாத்த சிட்டி கமிஷனர் சல்லிவன் போட்ட மானநஷ்ட கேஸ்ல, ஒரு விளம்பரத்துல இருந்த சின்ன சின்ன தப்புக்காக, மார்ட்டின் லூதர் கிங் எத்தன தடவ கைதானார், பசங்க எந்தப் பாட்டு பாடினாங்கங்கற அளவு தப்புக்காக, கீழ் கோர்ட் 5 லட்சம் டாலர் நஷ்டஈடு குடுக்கச் சொல்லுச்சு. 1964-ல சுப்ரீம் கோர்ட்ல ஒன்பது ஜட்ஜும் சேர்ந்து அந்தத் தீர்ப்ப ரத்து பண்ணாங்க. அந்த கேஸ்ல பேப்பர் தோத்திருந்தா தெற்குல நடந்த கொடுமைய எழுதவே பேப்பர்காரங்க பயந்திருப்பாங்க. ரிப்போர்ட்டர் எழுதறதுக்கு பின்னாடி லாயர் நிக்கணும். ரெண்டு வேலையும் தெரிஞ்ச ஆளுங்க நம்மள்ல இருந்தும் வரணும்.

கம்யூனிட்டி காலேஜ்ல இருந்து எவ்ளோ தூரம் போக முடியும்னு கேட்கறவங்களுக்கு ரெண்டு பேர். இந்த மாநில சுப்ரீம் கோர்ட்டோட சீஃப் ஜஸ்டிஸா 2011-ல இருந்து 2023 ஆரம்பம் வரைக்கும் இருந்த டானி கான்டில்-சகௌயே, ஃபிலிப்பினோ குடும்பத்துப் பொண்ணு, சாக்ரமென்டோ சிட்டி காலேஜ்ல ஆரம்பிச்சு யூசி டேவிஸ் போனவங்க. பிபிஎஸ் டிவில பல வருஷம் ராத்திரி நியூஸ் நடத்தி, ஜனாதிபதி வேட்பாளர்கள எதிர்ல உக்கார வச்சு கேள்வி கேட்ட ஜிம் லேரர், டெக்சாஸ்ல விக்டோரியா காலேஜ்ங்கற ரெண்டு வருஷ காலேஜ்ல படிச்சுட்டு அப்புறம் மிசௌரி யூனிவர்சிட்டில ஜர்னலிசம் முடிச்சவர்.

இப்ப நான் உங்க கிட்ட கேட்கறதுக்கு வர்றேன். எங்க காலேஜ்ல போன செமஸ்டர் லத்தீன் 2-வ கிளாஸ் ஆரம்பிக்கற வாரம் கேன்சல் பண்ணிட்டாங்க, சேர்ந்தவங்க எண்ணிக்கை பத்தலன்னு. நாங்க வேற டிஸ்ட்ரிக்ட் காலேஜ்ல ஆன்லைன்ல தேடிப் பிடிச்சு எடுத்தோம், அந்த வேர்ஹவுஸ் அண்ணனுக்கு டைம் ஒத்து வராம அவர் விட்டுட்டார். இப்ப லத்தீனையே மொத்தமா எடுத்துடலாம்னு பேசிட்டு இருக்காங்க, நியூஸ்பேப்பர் பிரிண்ட் பட்ஜெட்டும் அதே மேசைல இருக்கு. இத முடிவு பண்றது நாம ஓட்டு போட்டு தேர்ந்தெடுக்கற டிரஸ்டிகள், அதாவது நம்ம ஏரியா கம்யூனிட்டி காலேஜ் டிஸ்ட்ரிக்ட்டோட போர்டு மெம்பருங்க. அவங்க மீட்டிங்ல நான் நியூஸ்பேப்பருக்காக உக்காந்து பாத்திருக்கேன், பொதுமக்கள் நாற்காலி முக்கால்வாசி காலியாத்தான் இருக்கும், எங்க கிளாஸ் பிள்ளைங்களோட அப்பா அம்மா ஒருத்தர் கூட வந்து நான் பாத்ததில்ல. பிள்ளை அங்க படிக்கறத வெளில சொல்லவே கூச்சப்படறப்ப எப்படி வந்து மைக் முன்னாடி நிப்பாங்க. அதனாலதான் முதல்ல வெளில சொல்லுங்கன்னு இவ்ளோ தூரம் கெஞ்சறேன். வர்ற ஏப்ரல் லிஸ்ட்ல உங்க பிள்ளை பேருக்கு பக்கத்துல காலேஜ் பேர அப்படியே போடுங்க. கீழ முதல் வாழ்த்து நான் போடறேன்.

உங்க ஊர் டிஸ்ட்ரிக்ட்லயும் இதே மாதிரி கிளாஸுங்க போயிட்டுதான் இருக்கும், பாருங்க. ரெகுலர் மீட்டிங் அஜெண்டாவ 72 மணி நேரம் முன்னாடி வெளிய போட்டாகணும், பிரவுன் ஆக்ட் அப்படித்தான் சொல்லுது. வாசல்ல ஒரு கார்டு இருக்கும், எந்த ஐட்டம்னு எழுதி குடுத்தா கூப்பிடுவாங்க, பெரும்பாலும் ரெண்டு மூணு நிமிஷம் குடுப்பாங்க. இங்கிலீஷ்ல பேச தயக்கமா இருக்கற தாத்தா பாட்டியும் வரலாம், மொழிபெயர்ப்பாளர் வச்சு பேசறவங்களுக்கு ரெண்டு மடங்கு நேரம் குடுக்கணும்னு அதே சட்டத்துல இருக்கு. நீங்க தமிழ்ல பேசுங்க, நான் பக்கத்துல நின்னு இங்கிலீஷ்ல சொல்றேன். எந்த ஊர் மீட்டிங்கா இருந்தாலும், கிளாஸ் இல்லாத நாள்னா கார் எடுத்துட்டு வந்துடறேன்.

இப்படிக்கு,
உங்க பிள்ளைங்களோட கிளாஸ்ல படிக்கற ஒரு பொண்ணு